உலக நலப் பணிக்கு நிதி திரட்டும் இளைஞர்களுக்கு: முதல் கூட்டத்திலிருந்து கடைசி ரசீது வரை

மலேரியா, காசநோய், போலியோ என்று ஏதோ ஒரு நோய்க்காகப் பணமும் திரட்ட வேண்டும், நாலு பேருக்குச் செய்தியும் போய்ச் சேர வேண்டும் என்று இளைஞர்கள் கூடும்போது ஆர்வத்துக்குப் பஞ்சம் இருப்பதில்லை. எதிரில் நிற்பவரிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் தெளிவு இருப்பதில்லை. நோயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள், துண்டறிக்கை கொடுப்பார்கள், கடைசியில் "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று முடிப்பார்கள். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் மனம் இல்லாதவர் அல்ல. எவ்வளவு, எப்படி, எதற்கு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1938-இல் அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதத்தை, அதாவது போலியோவை, எதிர்க்க ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, எடி கேண்டர் என்ற வானொலிக் கலைஞர் மக்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பத்து சென்ட் நாணயம் ஒன்றை உறையில் போட்டு வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள். தொகை, வழி, முகவரி மூன்றும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தன. வந்து குவிந்த நாணயங்கள் 26 லட்சத்து 80 ஆயிரம். அதே அறக்கட்டளையின் பணத்தில்தான் 1954-இல் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி லட்சக்கணக்கான குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. அது வேலை செய்கிறது என்ற முடிவு 1955 ஏப்ரல் 12 அன்று வெளியானது. உங்கள் குழு எவ்வளவு சிறியதானாலும் தொகை, வழி, முகவரி மூன்றையும் முதலில் தீர்மானியுங்கள்.

எதற்கு என்பதைச் சுருக்குங்கள்

"உலக சுகாதாரத்துக்காக" என்றால் யாருக்கும் எதுவும் கண்முன் வராது. "மலேரியாவுக்காக" என்பது பரவாயில்லை. "மருந்தூட்டிய கொசுவலைக்காக" என்றால் பாதி வேலை முடிந்தது. மலேரியாவைப் பரப்பும் பெண் அனாஃபிலிஸ் கொசு பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான் கடிக்கிறது. அந்த நேரத்தில் வலைக்குள் தூங்குபவர் தப்புகிறார். வலையில் வந்து உட்காரும் கொசு மருந்து பட்டுச் சாவதால் பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு கிடைக்கிறது. ஒரு வலை சுமார் இருவருக்கு என்று கணக்கிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொடுப்பது பொதுவான திட்ட முறை. ஆக, "ஒரு வலை, இரண்டு பேர், மூன்று ஆண்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நீங்கள் எந்த நோயை எடுத்தாலும் இப்படி ஓர் அலகு கிடைக்கும்வரை தேடுங்கள்: ஒரு தடுப்பூசித் தவணை, ஒரு பரிசோதனை, ஒருவருக்கான ஆறு மாத மருந்து.

அடுத்தது, பணத்தைப் பெறப்போகும் அமைப்பு. முதல் சுவரொட்டி அச்சாகும் முன்பே அவர்களுக்கு எழுத்தில் நான்கு கேள்விகள் அனுப்புங்கள். எங்கே பதிவு பெற்றிருக்கிறீர்கள், கடைசியாகத் தணிக்கையான கணக்கு எங்கே கிடைக்கும்? எங்கள் குழு உங்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தலாமா, எங்களுக்கென்று தனி நன்கொடைப் பக்கம் திறந்து தருவீர்களா? ஓர் அலகுக்கு நீங்கள் சொல்லும் தொகை பொருளின் விலை மட்டுமா, கொண்டுபோய்ச் சேர்த்து வீடுவீடாகக் கொடுக்கும் செலவும் சேர்த்தா? அந்தத் திட்டத்துக்குத் தேவைக்கு மேல் பணம் வந்துவிட்டால் மீதியை என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். வலையின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு "இத்தனை குடும்பம் காத்தோம்" என்று அறிவித்துவிடுவார்கள். போக்குவரத்தும் விநியோகமும் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை குறையும், பிறகு சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். வலையில் வகைகளும் உண்டு. வலையில் வழக்கமாக ஏற்றும் பைரித்ராய்டு மருந்தை எதிர்த்துத் தாக்குப்பிடிக்கும் கொசுக்கள் பெருகிய இடங்களில் பழைய வகை வலை சரியாக வேலை செய்வதில்லை. அங்கே பிபிஓ என்ற துணைப்பொருள் சேர்த்த வலையோ, குளோர்ஃபெனபைர் என்ற இரண்டாவது மருந்தும் ஏற்றிய வலையோ தேவைப்படும். எந்த வகை அனுப்புகிறார்கள், ஏன் என்று கேளுங்கள். நல்ல அமைப்பு இதற்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்லும். இரண்டு வாரமாகியும் பதில் வராவிட்டால் வேறு அமைப்பைப் பாருங்கள். பணம் அனுப்பிய பிறகு மட்டும் பதில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

மருந்து, பழைய வலை, துணி எதையும் பொருளாகச் சேகரிக்காதீர்கள். நன்கொடையாகப் போகும் மருந்து சேருமிடத்தை அடையும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வீடுகளிலிருந்து அள்ளிவரும் மாத்திரைகளில் அது அமையாது. பிரித்தெடுக்க ஆள், ஏற்றிச்செல்ல வண்டி, கடைசியில் அழிக்கச் செலவு என்று உதவியே சுமையாகிவிடும்.

குழுவும் தொகையும்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் கூட்டம் நடத்துவதே வேலையாகிவிடும். ஒருங்கிணைப்பாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர், பணம் எண்ணும்போது பொருளாளருடன் உட்கார இன்னொருவர், செய்தியும் படமும் பார்த்துக்கொள்ள இருவர், மற்றவர்கள் நேரில் கேட்பவர்கள். பொருளாளரும் துணை எண்ணுநரும் உடன்பிறந்தவர்களாகவோ நெருங்கிய தோழர்களாகவோ இருக்கக் கூடாது. சந்தேகப்பட்டுச் சொல்வதல்ல இது. ஒருவர் கணக்கை மற்றவர் தயங்காமல் திருத்தும் நிலை வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் குழுவில் இருந்தால் பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவர் கட்டாயம். அனுமதிக் கடிதம், வங்கி, இணையப் பக்கம் மூன்றும் அவர் பெயரிலோ கல்வி நிறுவனத்தின் பெயரிலோதான் நடக்கும்.

தனிநபரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் வரவே கூடாது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிப் பெயர் கெட்டுப்போன குழுக்களில் பல தடுக்கி விழுந்தது இங்கேதான். சொந்தச் செலவும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்தால் எது எதென்று பிரிக்கவே முடியாது. அமைப்பின் நன்கொடைப் பக்கத்துக்கே பணம் நேராகப் போகட்டும். ரொக்கம் மட்டும் கல்வி நிறுவனத்தின் கணக்கு வழியாகப் போகட்டும். பணம் இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டுமானால் அதற்கான சட்டத்தை முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். பல நாடுகளில் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்பத் தனி விதிகள் உண்டு. அமைப்புக்கு உங்கள் நாட்டிலேயே கிளை இருந்தால் வேலை எளிது.

இலக்குத் தொகையை ஆசையை வைத்துத் தீர்மானிக்காமல் ஆள் கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள். இலக்கை 1000 பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். 100 பங்கு தருபவர் ஒருவர், 50 பங்கு தருபவர் இருவர், 20 பங்கு தருபவர் பத்துப் பேர், 10 பங்கு தருபவர் முப்பது பேர், 3 பங்கு தருபவர் நூறு பேர். கூட்டிப் பாருங்கள், 1000 வரும். இதில் முதல் 43 பேரிடமிருந்தே 700 பங்கு வருகிறது. தெருமுனையில் உண்டியல் குலுக்குவதிலேயே முழு நேரத்தையும் செலவிடும் குழு ஏன் களைத்துப்போகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்: 143 கொடையாளர்களில் நூறு பேரைத் தேடி அலைந்து 300 பங்குதான் கையில் சேர்கிறது.

அந்த 43 பேரைப் பிடிக்க எத்தனை பேரிடம் கேட்பது? மூவரில் ஒருவர் தருவார் என்று திட்டமிட்டால் சுமார் 130 பேர். பத்து உறுப்பினர்கள் ஆளுக்குப் பதினைந்து பெயர் எழுதினால் 150. முதல் கூட்டத்திலேயே தாளைக் கொடுத்து எழுத வையுங்கள். வீட்டுக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்பவர் அனுப்பமாட்டார். பெயர்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, ஒரே ஆளை மூன்று பேர் போய்க் கேட்காதபடி பிரித்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே எதிரில் தொகையையும் குறிக்க வேண்டும்: இவரிடம் 20 பங்கு, அவரிடம் 50. ஆளே தேறாத தொகைக்கு இலக்கு வைக்காதீர்கள். குறைத்து வைத்து எட்டிய பிறகு உயர்த்துவது எளிது. பெரிதாக அறிவித்துப் பாதியில் நின்றால் அடுத்த ஆண்டு அந்தக் குழுவே இருக்காது.

கேட்கும் முறை

நேரில் கேட்பது முதல் தரம், தொலைபேசி அடுத்தது, பெயர் சொல்லித் தனியாக அனுப்பும் செய்தி அதற்கடுத்தது. குழுவில் பொதுவாகப் போடும் செய்தி கடைசி. இருநூறு பேர் இருக்கும் குழுவில் போட்டால் ஒவ்வொருவரும் மற்ற 199 பேர் தருவார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

பேச வேண்டியது ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. உறவினரிடமானால் இப்படி: "அத்தை, நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து மலேரியா கொசுவலைக்குப் பணம் சேர்க்கிறோம். ஒரு வலை இரண்டு பிள்ளைகளை மூன்று வருஷம் காக்கும். நீங்கள் பத்து வலைக்குத் தர முடியுமா?" அதோடு நிறுத்துங்கள். கேட்டு முடித்ததும் வரும் மௌனத்தைத் தாங்க முடியாமல் "இல்லாவிட்டால் ஐந்து, இல்லாவிட்டால் ஒன்று, எதுவானாலும் சரி" என்று தாங்களே இறக்கிக்கொண்டு போவதுதான் இளைஞர்கள் செய்யும் பெரிய தவறு. அவர் மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பத்து வினாடி விடுங்கள். குறைத்துச் சொன்னாலும், மறுத்தாலும், நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்றவரிடம் ஐந்தாறு நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். மூன்றாம் முறை கேட்டால் அது தொந்தரவு, உறவும் போய்விடும்.

ஒரு பெரிய கொடையாளர் கிடைத்தால் அவர் பணத்தை உடனே மொத்தத்தில் சேர்த்துவிடாமல், "மற்றவர்கள் தரும் ஒவ்வொரு வலைக்கும் நான் ஒரு வலை, நூறு வரை" என்று இணைக்கொடையாக அறிவிக்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். சம்மதித்தால் அந்த நிபந்தனை உண்மையாகவே நடக்க வேண்டும். எப்படியும் தரப்போகும் பணத்தை இணைக்கொடை என்று சொல்வது மற்றவர்களை ஏமாற்றுவது.

முதல் நன்கொடை குழு உறுப்பினர்களுடையதாக இருக்கட்டும். மிகச் சிறிய தொகையானாலும் சரி. "நீ எவ்வளவு கொடுத்தாய்?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

நடைப்பயணம், உண்டியல், க்யூஆர்

நிகழ்ச்சிகளில் இளைஞர்களுக்கு மிகவும் பொருந்துவது ஆதரவாளர் நடைப்பயணம். நடப்பவர் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தவர்களிடம் ஆதரவு கேட்பதால், 60 பேர் நடந்தால் 60 பேரும் கேட்பவர்கள் ஆகிறார்கள். 5 கிலோமீட்டர், தொடங்கிய இடத்திலேயே முடியும் வட்டப்பாதை. கூட்டமாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பாதையை அதே கிழமையில், அதே நேரத்தில் முன்கூட்டியே ஒருமுறை நடந்து பாருங்கள். காலை ஆறு மணியின் சாலை வேறு, ஒன்பது மணியின் சாலை வேறு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர், சாலையைக் கடக்கும் இடத்தில் இருவர், முதலுதவிக்கு இருவர், எல்லோருக்கும் முன்னால் ஒருவர், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர். அந்தக் கடைசி ஆளை மறந்துவிடுகிறார்கள். தனியாகப் பின்தங்கியவர் மயங்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் தலைக்கு அரை லிட்டராவது வேண்டும், தொடக்கத்திலும் நடுவழியிலும் முடிவிலும். காவல்துறைக்கும் உள்ளாட்சிக்கும் அனுமதிக் கடிதம் ஒரு மாதம் முன்னதாக. மழை வந்தால் மாற்றுத் தேதி எது என்பதை முதல் அறிவிப்பிலேயே அச்சடித்துவிடுங்கள்.

ஆதரவுத் தாளில் பெயர், தொடர்பு எண், தருவதாகச் சொன்ன தொகை, தந்த தொகை, தேதி, கையொப்பம் என்று ஆறு கட்டங்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்து முடித்து, கணக்குப் போட்டு, மறுபடி போய் வாங்க வேண்டும். அந்த மறுபடியில்தான் பணம் நழுவுகிறது. "5 கிலோமீட்டர் முடிப்பேன், அதற்கு இவ்வளவு" என்று ஒரே தொகையாகப் பேசி, நடப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

தின்பண்டம், கைவினைப் பொருள் விற்பனை சிறு குழுவுக்கு நல்ல பழக்கம், லாபம் குறைவு. பொருளுக்கான செலவை யாராவது ஏற்றுக்கொண்டால் மட்டும் இறங்குங்கள். குலுக்கல் சீட்டு பல இடங்களில் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும். விசாரிக்காமல் தொடாதீர்கள்.

உண்டியல் வைப்பதானால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, மூடியின் மேல் கையொப்பமிட்ட தாளை ஒட்டுங்கள். பிரித்தால் கிழிய வேண்டும். யாரிடம் எந்த எண் போனது, எப்போது திரும்பியது என்று பதிவேடு வேண்டும். சிறுவர்கள் தனியாக வீடுவீடாகப் போகக் கூடாது. எப்போதும் இருவராக, பெரியவர் ஒருவர் கண்பார்வையில், இருட்டும் முன். பொது இடத்தில் வசூலிக்க அனுமதி தேவைப்படும் ஊர்களே அதிகம்.

க்யூஆர் குறியீட்டில் நுணுக்கம் இருக்கிறது. எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிறார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும்: கையில் பிடிக்கும் தாளுக்கு 3 செ.மீ., இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பதாகைக்கு 20 செ.மீ. சுற்றிலும் வெள்ளை ஓரம் விடாமல் அழகுக்காக வண்ணத்தை இழுத்துவிட்டால் கைபேசி படிக்காது. பளபளக்கும் உறை போட்டால் வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும். இலவசத் தளங்களில் செய்யும் சில குறியீடுகள் அந்தத் தளத்தின் வழியாகச் சுற்றிப் போகின்றன. இலவசக் காலம் முடிந்ததும் குறியீடு செத்துவிடும், நீங்கள் அச்சடித்த ஐந்நூறு தாளும் வீண். முகவரி நேரடியாகப் பதிந்த நிலையான குறியீட்டையே செய்யுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று வேறு கைபேசிகளில் எடுத்து, சிறு தொகை ஒன்றை உண்மையிலேயே செலுத்திப் பாருங்கள். குறியீட்டின் கீழே "திரையில் இந்தப் பெயர் வர வேண்டும்" என்று பெறுபவர் பெயரை அச்சிடுங்கள். மேலே வேறு குறியீட்டை ஒட்டிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி நடக்கிறது. சுவரில் ஒட்டியவற்றைத் தினமும் ஒருவர் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இணைய நிதிதிரட்டும் தளங்களில் மூன்று கழிவுகள் இருக்கலாம்: தளக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், கொடையாளரிடமே தளம் தனக்காகக் கேட்கும் தொகை. மூன்றாவது பல இடங்களில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அதைக் குறைக்கலாம் என்று கொடையாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இலக்கை எட்டாவிட்டால் எல்லாவற்றையும் திருப்பிவிடும் வகைத் தளம் உங்களுக்கு வேண்டாம்.

பணம் எண்ணும் மேசை

உண்டியலைத் திறக்கும்போது இருவர் இருக்க வேண்டும். மூன்றாமவர் இருந்தால் இன்னும் நல்லது. எண்ணையும் ஒட்டிய தாளையும் சரிபார்த்துப் பிரியுங்கள். மதிப்பு வாரியாக நோட்டையும் நாணயத்தையும் பிரித்து, ஒருவர் எண்ணி எழுதிய தாளைப் பார்க்காமல் அடுத்தவர் எண்ண வேண்டும். பார்த்துவிட்டு எண்ணினால் அதே எண் வரும்வரை மனம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் பொருந்தினால் இருவரும் கையொப்பமிட்டுத் தாளைப் படமெடுத்து அன்றைக்கே ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். பொருந்தாவிட்டால் மூன்றாம் முறை. அடுத்த வங்கி நாளில் அப்படியே செலுத்திவிடுங்கள். யார் வீட்டு அலமாரியிலும் பணம் தங்க வேண்டாம்.

"அப்படியே" என்பதை அழுத்திச் சொல்கிறோம். உண்டியலிலிருந்து எடுத்து ஆட்டோவுக்குக் கொடுத்தேன், பதாகைக்குக் கொடுத்தேன், ரசீது இருக்கிறது என்பது வேண்டாம். ஒருமுறை அப்படி எடுத்தால் எண்ணிய தாளும் வங்கிச் சீட்டும் இனி பொருந்தாது. நாளைக்கு உண்மையாகவே பணம் குறைந்தால் அது செலவா, எண்ணிக்கைப் பிழையா, களவா என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. செலவுக்கென்று தனியாக ஒரு சிறு தொகையை முன்பே ஒதுக்கி, அதிலிருந்து மட்டும் செலவிட்டு, ரசீதுகளை ஒரே நோட்டில் ஒட்டுங்கள். அந்தத் தொகையைக் கல்வி நிறுவனமோ ஒரு வணிகரோ ஏற்றுக்கொண்டால், "நீங்கள் தந்த முழுப் பணமும் வலைக்கே போனது" என்று சொல்ல முடியும். ஏற்க ஆள் இல்லாவிட்டால் செலவு எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விழிப்புணர்வு

இதையும் எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்பது அச்சகத்தின் கணக்கு. எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதுதான் உங்கள் கணக்கு. கூட்டத்துக்கு முன் மூன்று கேள்வி, பின் அதே மூன்று கேள்வி, கையைத் தூக்கச் சொல்லி எண்ணுங்கள். காசநோய்க்கென்றால்: இது எப்படிப் பரவுகிறது? எத்தனை வாரம் இருமினால் பரிசோதிக்க வேண்டும்? முழுக்கக் குணமாகுமா? காற்று வழியாக, இரண்டு வாரமோ மேலோ, குணமாகும், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் வகைக்கு ஆறு மாதச் சிகிச்சை என்பதே பரவலான முறை. தட்டையும் தம்ளரையும் தனியாக வைப்பதால் காசநோய் தடுக்கப்படுவதில்லை. அந்தப் பழக்கம் நோயுள்ளவரின் மனத்தைத்தான் உடைக்கிறது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைப்பதற்கு முன், எங்கே, எந்தக் கிழமை, எத்தனை பேரைப் பார்ப்பார்கள் என்று அந்த மையத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுத் துணிந்து போனவரை "இன்றைக்குக் கிடையாது" என்று அனுப்பிவிட்டால் அவர் இரண்டாம் முறை வருவது அரிது.

எண்களைக் கையாளும்போது ஆண்டையும் "மதிப்பீடு" என்ற சொல்லையும் விடாதீர்கள். 2023-இல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 95 விழுக்காடு ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். அங்கே இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இதிலிருந்து ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு குழந்தை என்று வரும். எங்கோ படித்த "முப்பது வினாடிக்கு ஒரு குழந்தை" என்பதை எடுத்துப் போடாமல் நீங்களே வகுத்துப் பாருங்கள். அந்த எண் பழைய ஆண்டுகளுக்குரியது. புது அறிக்கை ஆண்டு இறுதியில் வரும். அதில் பழைய ஆண்டுகளின் மதிப்பீட்டையும் திருத்துவார்கள் என்பதால், இரண்டு அறிக்கைகளிலிருந்து ஆளுக்கொரு எண் எடுத்து ஒப்பிட்டால் பொய்யான ஏற்றமோ இறக்கமோ தெரியும். ஒரே அறிக்கையின் அட்டவணையிலிருந்து எடுங்கள்.

அச்சமூட்டும் எண்ணோடு நிறுத்தினால் கேட்பவர் மனம் மூடிக்கொள்ளும். நடந்த நல்லதையும் சொல்லுங்கள். போலியோ ஒழிப்பு முயற்சி 1988-இல் தொடங்கியபோது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் பேர் முடங்கினார்கள். இன்று இயற்கையான போலியோ வைரஸ் நிலைத்திருப்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும். மலேரியாவுக்கு எதிராகக் குழந்தைகளுக்கு இரண்டு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் 2021-லும் 2023-லும் பரிந்துரைத்திருக்கிறது. முடியும் என்று தெரிந்தால்தான் கை பைக்குப் போகும்.

படங்களில் கவனம். எலும்பும் தோலுமான குழந்தையின் முகத்தைப் போட்டால் காசு விழலாம். அந்தக் குழந்தையின் தாய் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் எழுத்தில் இல்லாத முகம் வேண்டாம். கொசுவலையைக் கட்டும் கைகள், வலைக்குள் தூங்கும் பிள்ளையின் கால், இவையே போதும். சொல்லிலும் அப்படியே: "நோயால் பீடிக்கப்பட்டவர்" என்பதைவிட "காசநோய் உள்ளவர்" மேல்.

சுவரொட்டித் தலைப்பு ஏழு சொல்லுக்குள் இருக்கட்டும். மூன்று மீட்டரில் நின்று படிக்க எழுத்து 2.5 செ.மீ. உயரமாவது வேண்டும். தடித்த எழுத்துரு எடுத்தால் தமிழில் ணை, ழு, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு மைக்கட்டியாகிவிடும். நடுத்தரத் தடிமனே நல்லது. கீழே செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல். பரிசோதனை, நன்கொடை, தொண்டர் சேர்ப்பு மூன்றையும் ஒரே தாளில் திணித்தால் எதுவும் நடக்காது.

பகிரச் சொல்லும்போதும் அப்படித்தான். 2014-இல் பனிக்கட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சவால் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காகப் பரவியது. அமெரிக்காவில் அந்நோய்க்கான சங்கம் ஒன்றுக்கு மட்டும் 11 கோடியே 50 லட்சம் டாலர் சேர்ந்தது. ஊற்றிக்கொண்டவர் பெயர் சொல்லிச் சிலரை அழைத்தார், அழைக்கப்பட்டவருக்கு 24 மணி நேரக் கெடு இருந்தது. "எல்லோரும் பகிருங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது அந்தத் தெருவைத் தாண்டியிருக்காது. உங்கள் காணொளியின் முடிவிலும் மூன்று பேரைப் பெயர் சொல்லி அழையுங்கள்.

உலக மலேரியா நாள் ஏப்ரல் 25. காசநோய் நாள் மார்ச் 24, ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டறிந்ததை 1882-இல் அறிவித்த நாள். போலியோ நாள் அக்டோபர் 24. எய்ட்ஸ் நாள் டிசம்பர் 1. செய்தியாளர்களை அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே அணுகுங்கள். அன்றைக்குப் போனால் இடம் இருக்காது. தேர்வுக்கால நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதோடு மோதும் நிகழ்ச்சிக்குத் தொண்டர்களே வரமாட்டார்கள்.

முடிந்த பிறகு

நன்றி இரண்டு நாளுக்குள் போக வேண்டும், பெயர் சொல்லி, தொகை சொல்லி. அதில் மறுபடி பணம் கேட்காதீர்கள். தருவதாகச் சொல்லித் தராதவர்களுக்கு ஒரு நினைவூட்டல், ஒரு கெடு; அதற்குப் பிறகு வராததைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். வராத பணத்தைச் சேர்த்துச் சொன்ன மொத்தம் கடைசியில் உங்களைத்தான் கடிக்கும்.

ஒரு மாதத்துக்குள் அரைப் பக்க அறிக்கை: வந்தது எவ்வளவு, தளக் கட்டணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு, அமைப்பு தந்த ரசீதின் படம். இலக்கை எட்டாவிட்டாலும் இதே அறிக்கை, இதே தேதியில். அமைப்பு எந்தப் பகுதிக்கு வலை போகிறது என்று சொன்னால் அதையும் சேருங்கள். சொல்லாவிட்டால் நீங்களாக ஊர்ப்பெயர் போட வேண்டாம். விநியோகம் முடியப் பல மாதம் ஆகலாம் என்பதால், முடிந்ததும் இன்னொரு வரி அனுப்பப் பொறுப்பாளர் ஒருவரை இப்போதே நியமித்து வையுங்கள். படிப்பு முடிந்து குழு கலைந்துவிட்டாலும் அந்த வரி போக வேண்டும்.

எண்ணிய தாள்கள், வங்கிச் சீட்டுகள், செலவு நோட்டு, அனுமதிக் கடிதங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக் கல்வி நிறுவனத்திடமோ பொறுப்பேற்ற பெரியவரிடமோ கொடுங்கள். எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் நாட்டு வரிச்சட்டம் சொல்லும். உறுப்பினர்களின் கைபேசிகளில் கிடக்கும் கொடையாளர் எண்களின் பட்டியலை அழித்துவிடுங்கள். தொடர்பில் இருக்கச் சம்மதித்தவர்களின் பட்டியல் மட்டும், யார் எதற்காக எவ்வளவு தந்தார்கள் என்ற குறிப்போடு, அடுத்த ஆண்டுப் பொருளாளர் கைக்குப் போகட்டும்.